பள்ளிக்குச் சாய்தளம்: கொத்தனாரிடம் சொல்ல வேண்டிய அளவுகள்

கடலூர் வெள்ளம் பார்த்த ஊர். பள்ளிக் கட்டடமென்றால் பேஸ்மட்டத்தை 2 அடியாவது தூக்கிப் போடத்தான் தோன்றும். தண்ணீருக்கு அது சரி. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சாய்தளத்துக்குக் கணக்கு இவ்வளவுதான்: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். 2 அடி உயர வராந்தாவுக்கு 24 அடி. "ஒரு சாய்ப்பு போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னால், படி இருந்த இடத்திலேயே 8 அடியில் முடித்துவிடுவார்கள். அது பைக் ஏற்றத்தான் ஆகும். ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழப் பார்க்கும். இறங்கும்போது பிடித்திருக்கும் அம்மாவையும் சேர்த்து இழுக்கும். இடம் போதவில்லையா? சரிவைக் கூட்டாதீர்கள். 12 அடி ஏறி, திரும்புவதற்கு 5 அடி சமதளம் விட்டு, மறுபடி 12 அடி ஏறட்டும். மேல்முனையிலும் கீழ்முனையிலும்கூட 5 அடி சமதளம் வேண்டும்.

அகலம் 4 அடி. ஓரத்தில் 3 அங்குலத் திண்டு கட்டினால் சக்கரம் வெளியே இறங்காது. டைல்ஸ் வேண்டவே வேண்டாம், ஐப்பசி மழையில் வழுக்கும். சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கீறிவிடச் சொல்லுங்கள். கைப்பிடி இருபுறமும், இரண்டரை அடியில் ஒன்று, 3 அடியில் ஒன்று. உப்புக் காற்றில் சாதா இரும்புக் குழாய் வெல்டிங் வைத்த இடத்திலும் சிமெண்டில் புதைந்த அடியிலும் முதலில் அரிக்கும். பெயிண்ட் அதை மறைக்கும், தடுக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற தரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

வகுப்பறைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். மேசைக்குக் கீழே பிள்ளையின் முழங்காலுக்கு மேல் 2 அங்குலம் காலியாக இருக்கட்டும்.

கழிவறையில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். சாய்தளம் அழகாக நிற்கும்; கழிவறைக்குப் போகும் வழி மணல், சக்கரம் புதையும். அல்லது உள்ளே துடைப்பமும் பழைய பெஞ்சும் அடைந்திருக்கும், சாவி தலைமையாசிரியரிடம். பிள்ளை காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடும். அப்புறம் சிறுநீர்த் தொற்று, விடுப்பு. வருகைப் பதிவேட்டில் "உடல்நலமில்லை". வழி நெடுக 4 அடிக்கு சிமெண்டு போடுங்கள். கதவு 3 அடி, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே பிள்ளை விழுந்து கிடந்தால் உள்பக்கக் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. வெஸ்டர்ன் இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம், பக்கத்துச் சுவரில் கைப்பிடி, உட்கார்ந்தபடி எட்டும் குழாய்.

இந்த அளவுகளோடு பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, நகலை வட்டார வள மையத்தில் கொடுங்கள். தனியார் பள்ளி என்றால், "தனியார் பள்ளிக்கு இதெல்லாம் கிடையாது" என்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன், வாசலிலிருந்து கழிவறை வரை பிள்ளையே சக்கரத்தை உருட்டிப் போகட்டும். கை எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.