வளரிளம் பருவத்து விபரீதத் துணிச்சல்: பள்ளிகள் என்ன செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்

ஒரு மாணவர் இ-சிகரெட்டுடன் பிடிபட்டால் பெரும்பாலான பள்ளிகள் மூன்று காரியம் செய்யும். பெற்றோரை வரவழைக்கும், ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்யும், அடுத்த மாதம் யாரையாவது அழைத்து ‘போதையின் தீமைகள்’ என்று சொற்பொழிவு வைக்கும். முதலாவதைப் பக்குவமாகச் செய்தால் பலன் உண்டு. இரண்டாவது பல நேரம் நிலைமையை மோசமாக்குகிறது. மூன்றாவதால் அரங்கம் நிறையும், அவ்வளவுதான்.

பைக்கில் சாகசம், தலைக்கவசம் இல்லாத வேகம், ஆழம் தெரியாத நீரில் குதிப்பது, மது, புகை, இணைய சூதாட்டம், அந்தரங்கப் படங்களை அனுப்புவது, இணையத்தில் பரவும் ‘சேலஞ்ச்’கள் எல்லாம் வெவ்வேறு பிரச்சினைகள்போலத் தெரியும். பள்ளியின் கோணத்தில் இவற்றுக்கு ஒரே வேர்தான். பக்கத்தில் நண்பர்கள், கண்காணிப்பில்லாத நேரம், பின்வாங்கினால் கெத்து போய்விடும் என்ற பயம். இந்த மூன்றும் கூடும் இடத்தைக் கண்டுபிடித்துக் கலைப்பதுதான் வேலை.

தெரியாமல் செய்வதில்லை

பதினாறு வயதில் ஒருவர் தனியாக, அமைதியாக உட்கார்ந்து யோசித்தால் ஏறத்தாழ பெரியவர் அளவுக்கே ஆபத்தை எடைபோட முடியும். பரபரப்பான கணத்தில்தான் தடுமாற்றம். பரிசையும் பாராட்டையும் நாடும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் மிகத் துடிப்பாக இருக்கின்றன. நிதானிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு முதிர்ச்சி அடைகிறது. உளவியல் ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் காரை எவ்வளவு தூரம் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் ஒரு கணினி விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். நண்பர்கள் உடனிருந்தபோது பதின்பருவத்தினர் எடுத்த ஆபத்து தனியாக ஆடியதைவிடத் தெளிவாகக் கூடியது. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை.

ஆகவே நுரையீரல் படத்தைக் காட்டிப் பாடம் நடத்துவது அமைதியான மூளைக்குத் தெரிந்ததையே மறுபடியும் சொல்வதாகிறது. உசுப்பேற்றும் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் பிள்ளைக்கு அது கைகொடுக்காது.

முதலில் கணக்கெடுங்கள்

ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். ஆசிரியர்களுக்குத் தெரிவது பிடிபட்டவர்களை மட்டுமே. பெயர் எழுதாத ஒரு கேள்வித்தாள் போதும். 25 கேள்விகளுக்கு மேல் வேண்டாம், 20 நிமிடத்தில் முடிய வேண்டும். நாட்டுச் சட்டப்படி பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவித்து, வேண்டிய ஒப்புதலை வாங்கிவிடுங்கள்.

கேள்விகளை அமைப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. ‘எப்போதாவது செய்ததுண்டா’ என்பதைவிட ‘கடந்த 30 நாளில் எத்தனை முறை’ என்பது பயனுள்ள பதில் தரும். ஒவ்வொரு நடத்தைக்கும் எங்கே, எந்த நேரத்தில், யாருடன் என்று கேளுங்கள். திட்டத்துக்குத் தேவையானது பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்துதான் கிடைக்கும். கூடவே, ‘உங்கள் வகுப்பில் 10 பேரில் எத்தனை பேர் இதைச் செய்வதாக நினைக்கிறீர்கள்’ என்றும் கேளுங்கள். பின்னால் இது பெரிதும் உதவும். உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் நுழைத்துவிடுங்கள். அதைப் பயன்படுத்தியதாகச் சொல்பவர்களின் தாள்களை ஒதுக்கிவிடலாம். வீம்புக்கு நிரப்புபவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள்.

தாளை வகுப்பாசிரியர் வாங்கக் கூடாது. மாணவர்களே உறையில் போட்டு ஒட்டி ஒரு பெட்டியில் போடட்டும். கையெழுத்து காட்டிக்கொடுக்காதபடி ‘டிக்’ போடும் கேள்விகளாகவே இருக்கட்டும். முடிவைச் சொல்லும்போது 10 பேருக்குக் குறைந்த குழுவைத் தனியாகக் காட்டாதீர்கள். யார் என்று ஊகித்துவிடுவார்கள். கேள்வித்தாளை வைத்து ஒரே ஒருவரைத் ‘துப்பறிந்து’ பிடித்தாலும், அடுத்த ஆண்டு யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

இடமும் நேரமும்

பள்ளியின் வரைபடத்தை ஏ3 தாளில் அச்சடித்து, ஐந்தாறு மாணவர் குழுக்களிடம் கொடுங்கள். பாதுகாப்பில்லாததாகத் தோன்றும் இடத்தில் சிவப்புப் புள்ளி, பெரியவர் யாரும் வராத இடத்தில் நீலப் புள்ளி. அதே வரைபடத்தை ஆசிரியர்களும் ஊழியர்களும் தனியாக நிரப்பட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆசிரியர்கள் அறியாத ஒரு பள்ளி தெரியும். கழிப்பறை, பின்பக்க மாடிப்படி, சைக்கிள் நிறுத்துமிடம், மணி அடித்து வகுப்பு மாறும் சில நிமிடங்கள், கடைசி மணிக்கும் பேருந்துக்கும் இடைப்பட்ட நேரம் ஆகியவை அடிக்கடி வரும்.

இங்கே கேமரா மாட்டுவது முதல் யோசனையாக வரும். கழிப்பறைக்குள் அது கூடவே கூடாது. மற்ற இடங்களில் கூட்டத்தை நாலடி தள்ளிப்போக வைக்கும், அவ்வளவே. ஒரு பெரியவர் அங்கே சாதாரணமாக நடந்துபோவதும், இரண்டு பேரைப் பெயர் சொல்லி விசாரிப்பதும் கேமராவைவிடப் பலன் தரும். அதற்கு ஆசிரியர்களின் நேர அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சுற்றறிக்கை விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். இடத்துக்கு ஒருவர், கிழமைக்கு ஒருவர் என்று பெயர் எழுதுங்கள்.

பள்ளி முடிந்தபின் வரும் இரண்டு மூன்று மணி நேரம் இன்னும் முக்கியமானது. ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும்வரை குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதமாக இறங்கியது. அந்த நாடு ஆண்டுதோறும் கணக்கெடுத்தது, மாலை நேரத்து விளையாட்டுக்கும் கலைக்கும் பொதுப்பணத்தை ஒதுக்கியது, பெற்றோர்களை ஒன்றுசேர்த்தது, பிள்ளைகள் இரவில் வெளியே இருக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்தது. எந்த ஒன்றால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் வெற்று மாலைகளை நிரப்பியது அதில் பெரும்பங்கு என்பது எங்கள் கணிப்பு.

வகுப்பில் செய்யக்கூடியது

ஒரே நாள் கருத்தரங்கு வேண்டாம். 45 நிமிட வகுப்பு ஆறு முதல் எட்டு, வாரம் ஒன்று. அடுத்த ஆண்டு நினைவூட்ட இரண்டு மூன்று. நடத்துபவர் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஆசிரியராக இருந்தால் நல்லது.

பாதி நேரமாவது பயிற்சிக்குப் போக வேண்டும். கணக்கெடுப்பில் வந்த உண்மையான சூழலை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று பேர் பைக்கில் ஏறச் சொல்கிறார்கள், ஓட்டுபவர் குடித்திருக்கிறார். ஒவ்வொருவரும் ‘இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்’ என்று ஒரே வரியில் எழுதட்டும். ‘கவனமாக இருப்பேன்’ என்பது திட்டமாகாது. ‘போனை எடுத்து அம்மா கூப்பிடுகிறார் என்று சொல்லி இறங்கிவிடுவேன்’ என்பது திட்டம். மானம் போகாமல் நழுவுவதற்கான வசனம்தான் பிள்ளைகளுக்கு வேண்டும். ‘புகைப்பது உடலுக்குக் கேடு, நான் மாட்டேன்’ என்று எந்தப் பிள்ளையும் நண்பனிடம் சொல்லாது. பாடப்புத்தக வசனம் எழுதிக் கொடுத்தால் வகுப்பே சிரித்துவிடும்; சிரித்த பிறகு அந்தப் பயிற்சி செத்தது.

எழுதியதை மூன்று நான்கு பேர் குழுவில் நடித்துப் பார்க்கட்டும். உசுப்பேற்றும் பாத்திரத்தை மாணவருக்குக் கொடுக்காமல் ஆசிரியரே ஏற்க வேண்டும். மாணவருக்குக் கொடுத்தால் அவர் கைதட்டல் வாங்குவார், வற்புறுத்துவதில் தேர்ச்சியும் பெறுவார். முதல் தடவை மெதுவாக, இரண்டாவது தடவை வேகமாக, மூன்றாவது தடவை சுற்றி நின்று எல்லோரும் கூச்சலிட. அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் வாயில் வரும் வசனம்தான் தெருவிலும் வரும்.

ஒரு வகுப்பைக் கணக்கெடுப்பு முடிவுக்கு ஒதுக்குங்கள். ‘எல்லோரும்தான் செய்கிறார்கள்’ என்ற எண்ணம் பெரும்பாலும் மிகையானது. 1986இல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் ஆகிய இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், சக மாணவர்கள் குடியை எவ்வளவு சகஜமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை மாணவர்கள் மிகைப்படுத்தி நினைப்பது தெரிந்தது. உங்கள் வகுப்பின் ஊகத்தையும் உண்மை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பான்மை பாதுகாப்பான பக்கம் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். எண் மோசமாக இருந்தால் விளம்பரப்படுத்தாதீர்கள், ஜோடிக்கவும் செய்யாதீர்கள்.

நல்லெண்ணத்தால் வரும் கேடு

மிரட்டல் பலிக்காது. அமெரிக்காவில் பிள்ளைகளைச் சிறைக்குள் அழைத்துப்போய்க் கைதிகளைக் கொண்டு பயமுறுத்தும் திட்டங்கள் நடந்தன. போகாத பிள்ளைகளின் குழுவோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போய்வந்தவர்களே பிற்பாடு அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘டேர்’ என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் போலீஸ் அதிகாரிகள் வகுப்பெடுத்தார்கள். பள்ளிகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. போதைப் பழக்கத்தில் அதன் பழைய பாடத்திட்டத்தால் ஏறத்தாழ மாற்றமே இல்லை என்று ஆய்வுகள் காட்டின. முன்பு போதைக்கு அடிமையாக இருந்தவரின் உருக்கமான பேச்சும் இந்த வகைதான். ‘இவ்வளவு செய்தும் மேடையில் நிற்கிறாரே’ என்பதைத்தான் சில பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு தவறு வெளியே தெரியாது. பிடிபட்ட எட்டுப் பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து வாராவாரம் ஆலோசனை தருவது சிக்கனமாகத் தோன்றும். 1999இல் தாமஸ் டிஷியனும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, இத்தகைய குழுக்களில் பிள்ளைகள் ஒருவர் செய்ததை மற்றவர் சிரித்து ரசித்து வளர்த்துவிடுவதைக் காட்டியது. தனித்தனியாகப் பேசுங்கள், அல்லது கலந்த குழுவில் ஓரிருவராகச் சேருங்கள்.

பரவிவரும் இணையச் ‘சேலஞ்ச்’ ஒன்றின் பெயரைச் சொல்லி காலைக்கூட்டத்தில் எச்சரிப்பதும் இலவச விளம்பரமே. பெயரைச் சொல்லாமல், ‘உசுப்பேற்றும் வீடியோவை யார் எடுக்கிறார்கள், அவருக்கு என்ன லாபம்’ என்று பேசலாம்.

பிடிபட்ட மாணவருடன் பேசுவது

போதையில் இருந்தால் பேச்சு பிறகு. தனியே விடாதீர்கள், மயக்கமாக இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், எழுப்ப முடியவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ். தூங்கித் தெளியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பேச்சுக்கு 20 நிமிடம், தனி அறை, வேடிக்கை பார்க்க யாரும் இல்லாத நேரம். ‘ரகசியமாக வைத்துக்கொள்கிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும். மற்றது நமக்குள் இருக்கும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்டால் ‘சும்மா’ என்றுதான் பதில் வரும். ‘அன்றைக்கு என்ன நடந்தது, மணி அடித்ததிலிருந்து சொல்’ என்றால் கதை வரும். பிறகு, ‘விட வேண்டும் என்று 0 முதல் 10க்குள் எவ்வளவு நினைக்கிறாய்?’ பதில் 4 என்றால், ‘ஏன் 1 இல்லை?’ என்று கேளுங்கள். ‘ஏன் 9 இல்லை?’ என்றால் விடாமல் இருப்பதற்கான காரணங்கள் வரிசையாக வரும். ‘ஏன் 1 இல்லை?’ என்பதோ விடுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும். ஒரு சின்ன மாற்றத்தில் முடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி சந்திக்கும் தேதியை அப்போதே குறித்துவிடுங்கள். அந்தத் தேதியை ஆசிரியர் மறந்தால், பேசியதெல்லாம் வீண்.

தனியாக இருக்கும்போது குடிப்பது, காலையிலேயே தொடங்குவது, மதிப்பெண் திடீரென்று சரிவது, பெரியவர் ஒருவர் பணமோ பொருளோ கொடுப்பது, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை வெறும் துணிச்சல் அல்ல. அன்றே மனநல நிபுணரிடமோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ கொண்டுபோக வேண்டும். ‘தற்கொலை எண்ணம் வருகிறதா?’ என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. தயங்காமல் கேளுங்கள்.

தண்டனை வேண்டாம் என்பதில்லை. சிறியதாகவும், நிச்சயமாகவும், அடுத்த நாளே கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். சஸ்பெண்ட் செய்தால், கண்காணிப்பில்லாத ஐந்து பகல்களைப் பள்ளியே பரிசளிக்கிறது. பள்ளிக்குள்ளேயே தனி மேற்பார்வையில் பாடம், கெடுத்ததைச் சரிசெய்யும் வேலை, விட்ட வகுப்பை ஈடுகட்டுவது போன்றவை மேல்.

அந்தரங்கப் படம் பரவிய விஷயமாக இருந்தால், ஆசிரியர் அதைத் தன் போனுக்கு ‘ஆதாரமாக’ அனுப்பிக்கொள்ளவோ அச்சடிக்கவோ கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். போனை அணைத்து, உறையிலிட்டு, நேரத்தையும் பெயரையும் குறித்து, பொறுப்பான அதிகாரியிடம் ஒப்படையுங்கள்.

துணிச்சலுக்கு ஓர் இடம்

கிளர்ச்சியை நாடும் பிள்ளைக்கு ‘செய்யாதே’ என்பது பாதி பதில்தான். மேடை நாடகம், மலையேற்றம், சுவரேறும் விளையாட்டு, விவாதப் போட்டி, விழாவின் ஒளி-ஒலிப் பொறுப்பு எதுவானாலும், தோற்கும் வாய்ப்பு நிஜமாகவும் பார்க்கிற கண்கள் நிஜமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சலித்துவிடும். நடைமுறையில் இதெல்லாம் நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்கே போகிறது. பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்: கடந்த ஆண்டு பிடிபட்டவர்களில் ஒருவர்கூட அதில் இல்லையென்றால் திட்டம் தவறான ஆட்களைச் சென்றடைகிறது.

பெற்றோர் கூட்டத்தில் அறிவுரையைக் குறைத்து, கணக்கெடுப்பு முடிவைக் காட்டுங்கள். எத்தனை மணிக்குள் வீடு திரும்புவது, நண்பர் வீட்டில் தங்கினால் அந்த வீட்டாருக்கு ஒரு போன், இந்த இரண்டையாவது ஒரு வகுப்பின் பெற்றோர் சேர்ந்து முடிவுசெய்தால் ‘மற்ற வீட்டில் விடுகிறார்களே’ என்ற வாதம் அடிபட்டுப்போகும். பிள்ளை எங்கே இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிவது பெரும்பாலும் பிள்ளையே சொல்வதால்தான் என்று 2000இல் ஸ்டாட்டின், கெர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். உளவு பார்ப்பதால் கிடைப்பது குறைவு. எனவே ‘நள்ளிரவில் கூப்பிட்டாலும் வந்து அழைத்துக்கொள்வேன், கேள்வி மறுநாள்’ என்ற உறுதியைப் பெற்றோர் தரச் சொல்லுங்கள்.

ஓராண்டு கழித்து

அதே மாதத்தில், அதே கேள்வித்தாள். தேர்வுக் காலத்தையும் விடுமுறைக்குப் பிந்தைய வாரத்தையும் ஒப்பிட்டால் எண்கள் ஏமாற்றும். வயது ஏற ஏற இந்த நடத்தைகள் தானாகவே கூடுவதால், போன ஆண்டு 14 வயதாக இருந்தவர்களை இந்த ஆண்டு 15 வயதில் அளந்துவிட்டுத் திட்டம் தோற்றது என்று சொல்லிவிடக் கூடாது. இந்த ஆண்டின் 14 வயதினரைப் போன ஆண்டின் 14 வயதினரோடு ஒப்பிடுங்கள். முதல் சில மாதங்களில் ஆசிரியர்களிடம் வரும் தகவல்கள் கூடும். பிள்ளைகள் நம்பிச் சொல்லத் தொடங்கியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அதனால் பிடிபட்டவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்காதீர்கள். பெயரில்லாத தாள்களில் ‘30 நாளில் எத்தனை முறை’ என்ற வரிக்கு வந்த பதில்களைப் பாருங்கள்.