இசை நிகழ்ச்சியை மொபைலில் எடுப்பது எப்படி: முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள்

அரங்கத்தில் மொபைல் கேமரா செய்யும் பெரிய தப்பு ஒன்றுதான். சுற்றிலும் இருட்டு என்பதால் வெளிச்சம் போதவில்லை என்று முடிவுகட்டி, படம் முழுவதையும் பிரகாசமாக்கிவிடும். பாடுபவர் மேல் ஏற்கெனவே ஸ்பாட்லைட் விழுகிறது. அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால், முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

திரையில் பாடுபவரின் முகத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் ஓரிரு நொடி அழுத்துங்கள். ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்துக்குள் விடப்படும் வெளிச்சத்தின் அளவு) லாக் ஆகும். பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுத்து, மூக்கும் கன்னமும் பிரிந்து தெரியும்வரை குறையுங்கள். எண் காட்டும் கேமராவில் -0.7 முதல் -1.5 வரை சரியாக இருக்கும். பின்னணி கறுத்துப்போனால் போகட்டும். நிழலை எடிட்டிங்கில் ஓரளவு மேலே கொண்டுவரலாம். வெளுத்துப்போன முகத்தை மீட்க முடியாது. விளக்கு மாறினால் லாக்கை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

நீலமும் ஊதாவும் மட்டும் அடிக்கும்போது இதுவும் கைகொடுக்காது. ஒரே நிறம் நிரம்பி வழிவதால் முகம் பிளாஸ்டிக் போலாகிவிடும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் தேறலாம். இல்லையென்றால் காத்திருங்கள். விளக்குகள் பெரும்பாலும் பாட்டின் அமைப்பையொட்டி மாறும். முதல் பல்லவிக்கு வெண்ணிற ஒளி வந்திருந்தால் அடுத்ததற்கும் வர வாய்ப்பு அதிகம்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அது சில மீட்டருக்கு மேல் எட்டாது, முன்னால் நிற்பவரின் பின்மண்டைதான் பளிச்சென்று விழும். நைட் மோடும் வேண்டாம். பல ஃபிரேம்களை ஒன்றாக அடுக்குவதால் அசைகிறவர் கலங்கிப்போவார். அளவுகளை நாமே வைக்கும் புரோ மோடு இருந்தால், நின்று பாடுபவருக்கு ஷட்டர் வேகம் 1/125 நொடி, டிரம்ஸ் வாசிப்பவருக்கும் ஆடுபவருக்கும் 1/250. ஐஎஸ்ஓ, அதாவது ஒளிக்கான உணர்திறன், 800-லிருந்து 1600 வரை.

ஜூம் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிச்சம் குறைவாக இருந்தால், நீங்கள் 3 மடங்கு என்று தொட்டாலும் பல மொபைல்கள் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸுக்குப் போகாமல், மெயின் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தரும். ஆகவே தூரத்திலிருந்து முகத்தைத் துரத்தாமல், மேடையும் விளக்குக் கற்றைகளும் முன்வரிசைத் தலைகளும் சேர்ந்த அகலமான படமாக எடுப்பதே மேல்.

வீடியோவுக்கு 4கே, நொடிக்கு 30 ஃபிரேம். 60 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் பாதியாகி, புள்ளிபுள்ளியாக நாய்ஸ் ஏறும். எல்இடி திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/60-க்கு இறக்குங்கள். பதிவு ஓடும்போது லென்ஸ் மாற்றாதீர்கள், படம் குதிக்கும். ஐஃபோனில் 4கே 30-க்கு, கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் ஹெச்இவிசி முறையில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும். முழு நிகழ்ச்சியையும் எடுக்க நினைக்காமல், முப்பது நொடி, ஒரு நிமிடத் துண்டுகளாக எடுங்கள்.

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். ஒலி கரகரத்தால் உடனே நகர்ந்துவிடுவார்கள். மொபைலின் மைக் துளைகள் எங்கே என்று முன்கூட்டியே பாருங்கள். கீழ் விளிம்பில் ஒன்று நிச்சயம் இருக்கும். மொபைலைக் கிடையாகப் பிடிக்கும்போது உள்ளங்கை அதை மூடிவிடும். முதல் பாட்டில் பத்து நொடி பதிவுசெய்து, இயர்ஃபோனில் கேளுங்கள். பேஸ் (கனத்த தாழ்ஒலி) அடிக்கும்போது 'டர்ர்' என்று உடைந்தால் மைக் தாங்கவில்லை என்று பொருள். அதை எந்த ஆப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஸ்பீக்கர் அடுக்கிலிருந்து விலகி, நடுவில் சவுண்ட் மிக்ஸர் மேசைப் பக்கம் போங்கள். ஒலியைச் சரிபார்ப்பவர் அங்கிருந்துதான் கேட்கிறார். மைக்கை விரலால் பாதி மூடுவது தீர்வல்ல, குரல் மங்கிவிடும்.

கிளம்புமுன் லென்ஸைத் துடையுங்கள். விரல்ரேகை எண்ணெய் பட்டிருந்தால் ஒவ்வொரு விளக்கும் புகைமூட்டமாக விரியும். லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரமாகப் புள்ளியோ கோடோ விழலாம். கூட்டத்தின் பக்கம் லேசர் திரும்பும்போது மட்டும் மொபைலைக் கீழே இறக்கிவிடுங்கள்.