டாங்கி மாடல் கட்டுகிறீர்களா? டரெட்டைக் கவனியுங்கள்

நம்ம ஆவடியில் 'அஜேயா' என்ற பெயரில் தயாரான டி-72 டாங்கியை 1/35 அளவில் கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. நிஜ டாங்கியின் டரெட், அதாவது பீரங்கியோடு மேலே சுழலும் கூண்டு, வார்ப்பு எஃகு. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பல கிட்களில் அது வழவழவென்று பொம்மை மாதிரி வருகிறது.

மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான அடிப்பூச்சை டரெட்டில் உள்ளங்கை அகலத்துக்கெல்லாம் பூசாமல், சின்னச் சின்ன இடமாகத் தடவுங்கள். காய்வதற்குள், முடியைக் குட்டையாக வெட்டிய பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுங்கள். இழுக்கவே கூடாது, கோடு விழும். மறுநாள் 600 நம்பர் உப்புத்தாளால் மேலாக ஒரு தேய்ப்பு. மேடு பள்ளம் கண்ணை உறுத்தினால் இன்னும் தேயுங்கள். இந்த அளவில் 1 மி.மீ. மேடு, நிஜத்தில் 35 மி.மீ. ஆயிற்றே! ஹல், அதாவது டாங்கியின் கீழ் உடல், உருட்டிய எஃகுத் தகடு, அங்கே இந்த வேலை வேண்டாம்.

பெயின்ட் விஷயத்தில் சென்னைக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் உஷாராக இருக்க வேண்டும். லாக்கர் (சீக்கிரம் காயும்) பெயின்ட்டில் உள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். மழை விட்ட நாளில், மத்தியான நேரத்தில், மொட்டை மாடி நிழலில் மாஸ்க் போட்டு ஸ்ப்ரே செய்யுங்கள்.