லைட் பில்லை நீட்டுவதற்கு முன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் போட்டோக் கொப்பி அடிக்கிற சின்னக் கடை என்னுடையது. கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் தருகிற உதவிப்பணத்தில் 2023இல் சமுர்த்தி போய் அஸ்வெசும வந்ததிலிருந்து கொப்பியை விட ஃபோம் நிரப்பும் வேலைதான் அதிகம். போன கிழமை ஒரு பிள்ளை வந்து, நான் முதல் வருடம் விட்ட அதே பிழையைத் தானும் விட்டுவிட்டு, "ஏன்க்கா எங்கட பேர் வரல்ல?" என்று கேட்டது. அதுதான் எழுதுகிறேன். அடையாள அட்டை இலக்கம், பாங்க் கணக்கு இலக்கம் பிழைப்பதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

வேலை போனதை மட்டும் சொல்வது

"வேல போச்சுக்கா, எழுதி விடுங்க." வாரத்துக்கு நாலு பேராவது இப்படி வருகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வேலை இழந்தவருக்கென்று மாதாமாதம் தருகிற கொடுப்பனவு இலங்கையில் இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசும் பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை கைக்கு வராது. ஆனால் அஸ்வெசும பார்ப்பது வேலையை மட்டும் அல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்பத்தில் யார் யார் என்று ஆறு வகையில் 22 குறிகாட்டிகள் இருக்கின்றன. அதனால் வேலைக்குப் போகிற வீடு உள்ளே வரலாம், வேலையில்லாத வீடு வெளியே நிற்கலாம். மாமியாரின் தீராத நோய், ஒழுகுகிற கூரை, பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மூன்று அடுப்புக்கு ஒரு பில்

இது என் சொந்தப் பிழை. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

எங்கள் தோட்டத்து வீடு (கொழும்பில் நெருக்கமான குடியிருப்பைத் தோட்டம் என்போம்) அப்பாவின் காலத்தில் ஒன்று. இப்போது மேலே அண்ணன், கீழே நான், பின்பக்கம் தங்கச்சி. அடுப்பு மூன்று, மீட்டர் ஒன்று. பில் இன்னும் செத்துப்போன அப்பாவின் பேரில்தான் வருகிறது. தங்கச்சியின் புருஷன் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை, அதாவது மூட்டை தூக்குவது. லொறி வந்தால்தான் அவருக்குக் காசு. அண்ணனுக்கோ மாதச் சம்பளம், ஃப்ரிஜ், வோஷிங் மெஷின்.

கணக்கெடுக்க வந்த பிள்ளை தங்கச்சியிடம், "லைட் பில் தியெனவாத?" (லைட் பில் இருக்கா?) என்று சிங்களத்தில் கேட்டது. தங்கச்சி முழித்தாள். நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி உள்ளே ஓடிப்போய்க் கட்டு பிரித்து முழு பில்லை எடுத்து நீட்டினேன். ஆதாரம் இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பு. மாத மின்பாவனையும் அந்த 22இல் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. அண்ணனின் ஃப்ரிஜ்ஜும் மெஷினும் தங்கச்சியின் தலையில் ஏறின.

பட்டியலில் பேர் இல்லை. பில் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேன்முறையீட்டில் மூன்று குடும்பம், மூன்று அடுப்பு என்று விளக்கிய பிறகுதான் 8,500 ரூபா பிரிவில் அவள் பேர் வந்தது. அதற்குள் காதுத்தோடு அடகுக்குப் போய்விட்டது. அந்த வட்டியை யார் தருவார்? அண்ணன் வேறு, "என்ட ஃப்ரிஜ்ஜாலதான் எல்லாம்" என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், எங்கே பார்த்தாலும் எங்கள் ஆட்கள் இப்படிக் கூட்டாகத்தான் இருக்கிறோம். ஆகவே பில்லை நீட்டுவதற்கு முன் "இதில் எத்தனை குடும்பம்" என்பதைச் சொல்லுங்கள், அதை எழுத வையுங்கள். கிராம சேவகரிடம் நீங்கள் தனிக் குடும்பமாகப் பதிவாகியிருக்கிறீர்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சிங்களத்தில் எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

நல்ல நாள் சம்பளத்தைப் பெருமையாகச் சொல்வது

ஆம்பிளைகளின் பிழை இது. "நாளைக்கு மூவாயிரம் எடுப்பேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். கேட்கிறவர் அதை 26ஆல் பெருக்கிவிடுவார். உண்மையில் அந்த மாதம் 11 நாள்தான் வேலை இருந்திருக்கும். நாட்களை எண்ணிச் சொல்லுங்கள்.

சம்பளக்கார மகனை ஒளிப்பது

பட்டியல் வெளியே போடப்படும். யாரும் ஆட்சேபனை கொடுக்கலாம். தோட்டத்தில் யாருக்கு யாரைத் தெரியாது?

புரோக்கருக்குக் காசு

விண்ணப்பம் இலவசம்.

பழைய தொகையை நம்பி இருப்பது

தொடக்கத்தில் 2,500, 5,000, 8,500, 15,000 என்று நாலு பிரிவு. 2025இல் கடைசி இரண்டும் 10,000, 17,500 ஆகின. நீங்கள் எந்தப் பிரிவு என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பாங்கில் விழுந்த தொகையோடு ஒத்துப் பாருங்கள். பாஸ்புக்கைப் பதியாமலே வைத்திருக்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். குறைந்திருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள், என் கடைக்கு அல்ல. எனக்குக் கொப்பி மட்டும்தான் அடிக்கத் தெரியும்.