பாக்குத் தீவில் வாய்ப்புற்று: கண்ணாடி முன் ஐந்து நிமிடச் சோதனை

பினாங்கு என்ற சொல்லுக்கே பாக்கு என்றுதான் பொருள். மாநிலக் கொடியின் நடுவில் நிற்பதும் பாக்கு மரமே. அந்தப் பாக்கு நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த நோயைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளைப் புரட்டினால், வாய்ப் புற்றுநோய் மலாய், சீனப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடம் மிகுதியாக இருப்பதைக் காணலாம். தோட்டப்புறத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த வெற்றிலைப் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். பெருங்குடலையும் நுரையீரலையும் பார்க்கக் கருவிகள் வேண்டும். வாயைப் பார்க்க ஒரு கண்ணாடியும் கைவிளக்கும் போதும். அப்படியிருந்தும் பலர் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள்.

"புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை கலக்காத தாம்பூலமும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. குற்றவாளி பாக்குத்தான். அதிலுள்ள அரிகோலின் என்னும் பொருளைச் சுண்ணாம்பு எளிதில் வெளிக்கொணர்கிறது. அது நாள்பட நாள்படக் கன்னத்தின் உள்தோலை நார்நாராக இறுக்கிவிடுகிறது. என் பாட்டி பல் போன பிறகும் விடாமல், சிறிய இரும்பு உரலில் பாக்கை இடித்து இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அடக்கிய அந்த இடத்தில் தோல் வெளுத்து, தொட்டால் தடித்திருந்தது. நாங்கள் அதை வெற்றிலைக் கறை என்றே நினைத்தோம். இதனுடன் புகைபிடித்தலும் சம்சு போன்ற மதுவும் சேர்ந்தால் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பன்மடங்காகப் பெருகுகிறது. தாம்பூலத் தட்டைச் சடங்கிலிருந்து விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தட்டில் வைப்பது வேறு, நாள்தோறும் மெல்லுவது வேறு.

மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், கைகளைக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள்; அதன் அடியில்தான் சில புண்கள் மறைந்திருக்கும். முதலில் முகத்தின் இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு புறமும் விரல்களால் அழுத்தி, வலியில்லாத கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தேடுங்கள். அடுத்து உதடுகளை விரித்து ஈறுகளையும், விரலால் கன்னத்தை வெளியே இழுத்து அதன் உட்புறத்தையும் பாருங்கள். வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்குவீர்களோ அந்தப் பக்கத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பிறகு நாக்கை நீட்டி, டிஷ்யூத் தாளால் நுனியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பி, விளிம்புகளைப் பின்பக்கம் வரை நோக்குங்கள். நாக்கின் விளிம்பும் அடிப்பகுதியும் இந்நோய்க்கு மிகவும் பிடித்த இடங்கள். அவசரத்தில் பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அவற்றைத்தான். நாக்கை மேலே தூக்கி அடித்தளத்தையும், தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தையும் பார்த்தால் சோதனை ஏறக்குறைய முடிந்தது. கடைசியாக வாயை அகலத் திறந்து, உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி உள்ளே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், நான் மேலே சொன்ன நார் இறுக்கம் தொடங்கியிருக்கலாம்.

தேட வேண்டியவை: துடைத்தாலும் போகாத வெண்படலம், பட்டுப்போல் சிவந்த படலம், ஆறாத புண், தடிப்பு, காரணமின்றி ஆடும் பல், மரத்துப்போன இடம். இவற்றுள் சிவந்த படலத்துக்கே நான் அதிகம் அஞ்சுவேன். வெண்படலத்தைவிட அதில் புற்று ஒளிந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. வலி இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள். சுருக்கென்று எரியும் சிறு புண் பெரும்பாலும் தானே ஆறிவிடும்; தொடக்கநிலைப் புற்றோ பல வேளைகளில் வலிப்பதே இல்லை. வாய்ப்புண் என்றாலே உடம்புச் சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுப்பது நம் வழக்கம். கொடுங்கள், இதமாக இருக்கும். ஆனால் புண்ணைக் கண்ட அன்றே சுவரிலுள்ள நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டுவையுங்கள். இரண்டு வாரம் கடந்தும் ஆறவில்லை என்றால் கீரை வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் ஐயம் எழுந்தால், மருத்துவமனையின் வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டுச் சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்னும் அச்சத்தால் இந்தக் கட்டத்தில் திரும்பிவிடுபவர்கள் பலர். கத்தி பட்டதால் நோய் பரவுவதில்லை. திரும்பிப் போய்க் கழிக்கும் மாதங்களில்தான் பரவுகிறது.

புற்று என்று உறுதியானால், ஸ்கேன் எடுத்து நிலையைக் கணிப்பார்கள். கட்டி 2 சென்டிமீட்டருக்குள், ஆழமும் குறைவாக, கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகாமல் இருந்தால் அது முதல் நிலை. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை மட்டுமே போதுமானது. முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் மூன்றாம் அல்லது நான்காம் நிலை. கழுத்து முடிச்சுகளையும் அகற்றி, பிறகு கதிர்வீச்சும், தேவைப்பட்டால் அதனுடன் கீமோவும் தருவார்கள். நாக்கில் இழந்த பகுதியை முன்கைத் தோலாலும், தாடை எலும்பைக் கால் எலும்பாலும் ஈடுசெய்ய முடியும். கதிர்வீச்சு வழக்கமாக வாரத்திற்கு ஐந்து நாளாக ஏறத்தாழ ஆறு வாரம் நீளும்.

கதிர்வீச்சு தொடங்குமுன் காப்பாற்ற முடியாத பற்களைப் பிடுங்கிவிடச் சொல்வார்கள். நோயாளிகள் மனம் கசப்பது இதற்குத்தான். ஆனால் கதிர் பட்ட தாடை எலும்பில் பின்னர் பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே அழுகக்கூடும். சிகிச்சைக்குப் பிறகு உமிழ்நீர் வற்றும், விழுங்குவது கடினமாகும். எனவே விழுங்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். செலவைப் பற்றிய கவலையை மருத்துவமனையின் சமூகநலப் பணியாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்த வருமானத்தினருக்காக அரசாங்கம் 2019இல் தொடங்கிய பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில், தகுதி பெற்றவர்கள் அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு ஊக்கத்தொகையும் பயணச் செலவுக்கு உதவியும் உண்டு.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும். ஆகவே அந்தக் காலத்தில் மறுபரிசோதனைகள் நெருக்கமாக இருக்கும். தீபாவளி வேலை, தைப்பூசப் பயணம் என்று எதற்காகவும் அவற்றைத் தள்ளிப்போடாமல், தேதி அட்டையைக் கண்ணாடி அருகிலேயே ஒட்டிவையுங்கள்.