ஒற்றைக் கட்டையில் அடுப்பு: சுவீடன் முறை

மாரியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை நிலம் ஊறிக் கிடக்கும்போது அடுப்புக்கல் வைத்தால் கல்லுக்குக் கீழேயே தண்ணீர் சுரக்கும். விறகு புகையுமே தவிர எரியாது. பனி மூடிய காட்டில் சுவீடன்காரர் ஒரே கட்டையை நிமிர்த்தி வைத்து உச்சியில் தீ மூட்டுவார்கள். விறகும் அதுவே, அடுப்பும் அதுவே. தீ ஈர நிலத்தைத் தொடாமல் மேலிருந்து கீழே இறங்கும். ஜெர்மனியில் இதை 'சுவீடன் நெருப்பு' என்றே சொல்கிறார்கள்.

45 முதல் 50 செ.மீ உயரம், 20 முதல் 25 செ.மீ குறுக்களவுள்ள கட்டை போதும். அடி மட்டமாக இருக்க வேண்டும், சரிந்தால் கேத்தலும் சரியும். அங்கே பிசின் ஊறிய பைன் மரம் உடனே பற்றும். இங்கே நன்றாகக் காய்ந்த மாங்கட்டை நல்லது. சவுக்கு பற்றத் தாமதிக்கும், ஆனால் தணல் நிற்கும். தென்னங்குற்றி வேண்டாம், நேராகப் பிளக்காது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் ஈரம்.

மெசின் வாள் இருந்தால் உச்சியிலிருந்து சிலுவையாக இரண்டு வெட்டு, அடியில் 12 செ.மீ விட்டுவிட்டு. இல்லாவிட்டால் கோடரியால் நான்காகப் பிளந்து, ஒவ்வொரு துண்டின் உள்விளிம்பையும் கத்தியால் இரண்டு செ.மீ சீவுங்கள். சீவல்களை எறியாதீர்கள். துண்டுகளைப் பழையபடி சேர்த்து, இடையில் விரல் பருமன் குச்சி செருகி, அடியிலும் அதற்குச் சற்று மேலேயும் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். நடுவில் ஒரு குழாயும் பக்கங்களில் நான்கு இடுக்கும் கிடைக்கும். காற்று இடுக்கால் நுழைந்து குழாயால் மேலேறும். பெரும்பாலும் தீ அணைவது இந்த இடுக்கு ஒடுங்கியிருப்பதால்தான். வாள் வெட்டு மெல்லியதாக இருந்தால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அறுத்து அகட்டுங்கள்.

குழாயின் மேல் பாதியில் சீவலையும் காய்ந்த பன்னாடையையும் தளர்வாக நிரப்புங்கள். அமுக்கினால் காற்று அடைபடும். உச்சியில் பற்றவைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் சிறு குச்சி போட்டுக்கொண்டே இருங்கள். உள்சுவர் கரியாகிச் சிவந்தபின் தானாக எரியும். மண்ணெண்ணெய் ஊற்றினால் மேல்தோல் எரிந்து அடங்கிவிடும், கோப்பியிலும் வாடை ஏறும்.

கேத்தலை நேரே உச்சியில் வைத்தால் தீ மூச்சுத் திணறும். ஒவ்வொரு துண்டின் உச்சியிலும் வெளியோரமாக ஓர் ஆணியை அடித்து, மூன்று செ.மீ மேலே நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். கேத்தல் அதன்மேல் நிற்கும்.

சுவீடன் காட்டுக் கோப்பிக்கு ஒரு லீட்டர் குளிர்தண்ணீரில் 60 கிராம் கொரகொரப்பான தூள். பொங்கும்போது இறக்கி, ஐந்து நிமிடம் மண்டி அடங்க விட்டு, அசைக்காமல் ஊற்றுங்கள்.

சுவீடனில் எவரும் காட்டில் நடக்கலாம், கூடாரம் போடலாம். 'அல்லெமன்ஸ்ரேட்டன்' என்ற அந்த உரிமையோடு கடமையும் உண்டு: யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது, எதையும் சேதப்படுத்தக்கூடாது. விழுந்த சுள்ளி பொறுக்கலாம், நிற்கும் மரத்தை வெட்டக்கூடாது. நம் வாவிக்கரைக் கண்டலுக்கும் கடற்கரைச் சவுக்குக்கும் அதே மரியாதை வேண்டும். சருகு காய்ந்த கோடையிலும் கச்சான் காற்று வீசும்போதும் இதை மூட்டவே வேண்டாம்.

அணைக்கும்போது மேலே தண்ணீர் ஊற்றினால் போதாது, தணல் குழாயின் அடியில் ஒளிந்திருக்கும். கட்டையைச் சாய்த்து, கம்பியை வெட்டி, துண்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் நனையுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் ஒரு வாளி.