ஆய்வேடு நகராமல் நின்றபோது

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளுக்கும் கீழுள்ள குளங்களில் நீர்ப்பங்கீடு எப்படி நடக்கிறது என்பதுதான் என் பிஎச்டி தலைப்பு. தரவு சேரச் சேர எழுத்து நின்றுபோனது. நெறியாளரைப் பார்க்கவே தயக்கமாகிவிட்டது.

முதல் அணையான கோடைமேலழகியான் முதல் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் வரை என்றிருந்த எல்லையைக் கன்னடியன் கால்வாய் மட்டும் என்று சுருக்கினேன். மனசு வலித்தது. ஆனால் ஒவ்வொரு மடையிலும் நின்று கேட்க நேரம் கிடைத்தது. இப்படி மாற்றுபவர்கள் ஆய்வுக்குழுக் கூட்டத்தில் வைத்து எழுத்தில் பதிந்துவிடுங்கள்; வாய்ப்பேச்சோடு விடக்கூடாது.

எழுத்து திரும்பி வந்த விதம் வேறு. சேரன்மகாதேவிப் பக்கம் நீர் பாய்ச்சும் அண்ணாச்சி ஒருவரிடம் அதுவரை கண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கடைமடைக்காரன் எப்பம்மா தண்ணியப் பாத்தான்? அத எழுதுனியா?" என்றார். அந்தக் கேள்வியே ஒரு முழு இயலாக வளர்ந்தது. அதன்பின் களத்திலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே, அவருக்குச் சொல்வதுபோல நம்ம பேச்சில் கைபேசியில் பேசிப் பதிவேன். ராத்திரி அதைக் கேட்டு எழுதுவேன். வெற்றுத்தாளைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம் அதோடு போயிற்று.

நடுவில் பிள்ளைப்பேறு வந்தது. யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்டி விதிமுறைப்படி மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. தங்கச்சிமாரே, தயங்காமல் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.